வாளித் தண்ணீரில் ஒரு வெல்வெட் ரவிக்கை

வாளித் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. முதலில் லேசான ரோஜா நிறம். அப்புறம் ஆரத்தி கரைத்த மாதிரி. நான் உள்ளே கையை விட்டுத் துணியைத் துழாவி எடுத்தேன். கழுத்தைப் பிடித்துத் தூக்கிய நனைந்த பூனைக்குட்டி போல அது என் கையில் தொங்கியது.

அது ஒரு வெல்வெட் ரவிக்கை. என்னுடையது அல்ல.

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடி அது. புரட்டாசி வெயில். கீழே யாரோ அம்மியில் கடுகு அரைக்கிற வாடை மேலே வந்துகொண்டிருந்தது. நான் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று யோசித்தேன். ரவிக்கையைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். மாடித் தூம்பு நேரே கீழ்வீட்டு முற்றத்தில் போய் விழும். ரவிக்கைக்குச் சொந்தக்காரி அந்த முற்றத்தில்தான் உட்கார்ந்து கடுகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற என் பெண், "அம்மா, நீ எழுதறதுல உன்னைத் தவிர எல்லாரும் அசடா இருக்காளே" என்று போன வாரம் கேட்டாள். கேள்வி சுருக்கென்று தைத்தது. அதனால் இந்த வாரம் என் முறை. இதை அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது எனக்கு நானே காட்டிக்கொள்கிற சலுகை.

மாடியும் கீழும்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கல்கத்தாவுக்கு வந்தேன். எங்காத்துக்காரருக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். நம் மனுஷர்கள் அப்போது அங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போக டிராமும் நடையுமாக ஒரு பொழுது ஆகும். நவராத்திரி வந்தால்தான் எல்லாப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

கீழ்வீட்டில் நிருபமா இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா முறை வைத்து நிரு தீதி என்று கூப்பிடுவேன். அவள் என்னைக் குஞ்சு என்பாள். தெருவில் மற்றவர்களுக்கு நான் "மாத்ராஜி பௌ", அதாவது மதராஸ்காரர் வீட்டு மருமகள். அவள் வங்காளியில் பேசுவாள், நான் பாதி புரிந்துகொண்டு பாதி கையை ஆட்டிப் பதில் சொல்வேன். ஒரு வருஷத்தில் எனக்குப் பாஷை வந்துவிட்டது. அவள் பேசியதை இங்கே நம் பாஷையில் எழுதுகிறேன்.

அவள் வீட்டில் தினம் மீன். முதல் மாதம் ஜன்னலை மூடினேன். இரண்டாம் மாதம் மூட மறந்தேன். பனிக்காலத்தில் அவள் புது வெல்லம் போட்டு சந்தேஷ் செய்து, வாழையிலைத் துண்டில் வைத்து மாடிப்படியில் நின்று நீட்டுவாள். நான் அங்கேயே நின்று தின்றுவிட்டு விரலை நக்குவேன். மடி ஆசாரமெல்லாம் அப்போது என் நாக்குக்கு ஞாபகம் வந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

வெல்வெட் போடும் சாஸ்திரம்

ஊரில் நான் வெல்வெட்டைப் பார்த்தது இரண்டே இடத்தில். ஒன்று, சுவாமி புறப்பாட்டில் திண்டு தலையணை. இன்னொன்று, நாடகக்கார ராஜாவின் மேலங்கி. பக்கத்தில் போனால் வேர்வை நாற்றம் அடிக்கும். மனுஷி உடம்பில் போட்டுக்கொள்கிற துணி அது என்று கல்கத்தா வந்துதான் கண்டுகொண்டேன். பூஜைக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது கருநீலம், கரும்பச்சை என்று முழங்கை வரை வெல்வெட் மினுங்கும். வங்காளிகள் அதை மொக்மல் என்பார்கள். நான் மாடிச் சுவர் மேல் மோவாயை வைத்துக்கொண்டு வாயைப் பிளப்பேன்.

நிரு தீதியிடம் ஒன்றே ஒன்று இருந்தது. மாதுளம்பழ நிறம். கைமுனையில் ஜரிகைக் கொடி. அவளுடைய அப்பா கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்தது. கொடுத்த வருஷமே அவர் போய்விட்டார். வருஷத்தில் ஒரே நாள் அதைப் போடுவாள். அஷ்டமியன்று, பாக்பஜாரில் இருக்கிற புருஷனின் பூர்வீக வீட்டு துர்கா பூஜையில். அந்த வீட்டுக்கு அவள் மூன்றாவது மருமகள். பெரிய ஓர்ப்படிகள் இரண்டு பேரும் வைரமும் முத்துமாக வருவார்கள். இவள் புருஷன் சின்ன சம்பளக்காரர். அந்தக் கூட்டத்தில் அவளைத் தலை நிமிர வைத்தது அந்த ரவிக்கை ஒன்றுதான். அவளே சொல்லியிருக்கிறாள்: "அதைப் போட்டால்தான் என் பின்னால் அப்பா நிற்பது போல இருக்கும், குஞ்சு."

மற்ற நாளெல்லாம் அது கருஞ்சீரகம் முடிந்த துணிப்பையோடு பெட்டியில் கிடக்கும். பூச்சி அண்டாமலிருக்க வங்காளிகள் அப்படி வைப்பார்கள். எனக்கு இன்றைக்கும் கருஞ்சீரக வாசனை வந்தால் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஹெட் கிளார்க் பெண்டாட்டி செங்கமலம் மாமி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். என்னிடம் போட்டுக்கொள்ள ஒழுங்கான ரவிக்கை இல்லை. நிரு தீதியிடம் புலம்பினேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"ஐயோ, வேண்டாம் தீதி, அது உங்க அப்பா குடுத்தது."

"அதனால்தான் உனக்குத் தருகிறேன். ஷஷ்டியன்று நான் பாக்பஜார் கிளம்ப வேண்டும். அதற்குள் கொடுத்துவிடு, போதும்."

என் புடவைகளையெல்லாம் கட்டில்மேல் பரப்பச் சொன்னாள். நான் அகலமான ஜரிகைக்கரைப் புடவையை ஆசையோடு எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.

"மொக்மல் போட்டால் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்" என்றாள். சந்தன நிறத்தில், கரை மெலிந்த பட்டுப்புடவை ஒன்றை என் தோள்மேல் வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். கழுத்தில் ஒரே ஒரு சங்கிலி. கைமுனை ஜரிகை தெரிய வேண்டுமாதலால் வளையல் நாலுக்கு மேல் கூடாது. அத்தர் மேலே படக்கூடாது. நாற்காலியில் சாய்ந்து உட்காரக்கூடாது, முதுகில் வெல்வெட்டின் ரோமம் அமுங்கிவிடும். கசங்கினால் தேய்க்கவே கூடாது. வெந்நீர் ஆவி வரும் இடத்தில் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக மெல்லத் தடவினால் போதும்.

என் மடிசார் கட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தலைப்பு இடது தோளை மூடியதால் ஒரு கை வெல்வெட் மறைந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சொருகினாள். கண்ணாடி முன் என்னை நிறுத்தி, "இப்போது பார், உன் செங்கமலம் மாமியின் ஹெட் கிளார்க் எழுந்து நிற்பார்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவ்வளவு சொல்லிக் கொடுத்தவள் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெல்வெட்டைத் தண்ணீரில் போடுகிற பிரகிருதி உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பஞ்சா, பட்டா?

நம் வீடுகளில் பட்டுக்குத் தோஷமில்லை. யார் வீட்டிலிருந்து வந்தாலும் அப்படியே உடுத்தலாம். பஞ்சுத் துணியானால் நனைத்து உலர்த்தினால்தான் மடி. வெல்வெட் எந்த ஜாதி? ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே பட்டு. உள்ளே வெள்ளைப் பஞ்சில் அஸ்தர், அதாவது உள்துணி.

சாதாரண நாளானால் திருப்பியே பார்த்திருக்க மாட்டேன். ஆனால் போன நவராத்திரியில், வேறொருவர் வீட்டில், செங்கமலம் மாமி எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டிருந்தாள்: "ஏண்டி குஞ்சு, பவானிபூர்ல குடியிருந்தா மீன் வாசனையும் புடவையோட வந்துடுமோ?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது.

மாமி கேட்பாள். "யாரது ரவிக்கை?" என்று கட்டாயம் கேட்பாள். "நனைச்சுத்தான் மாமி போட்டுண்டேன்" என்று சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. யாரும் என்னை நனைக்கச் சொல்லவில்லை. எனக்கு மாமியார் கூட இல்லை, பழியைத் தூக்கி அவர் தலையில் போட. நானேதான் வாளியில் தண்ணீரை ரொப்பினேன்.

சாயம் போன தண்ணீரைத் தொட்டிச் செடிகளுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றி ஒழித்தேன். ரவிக்கையை வெயிலில் காயப்போட்டேன். காய்ந்ததும் ரோமமெல்லாம் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொண்டு, ஜரிகை கறுத்து, அஸ்தர் முழுக்கச் சிவந்து கிடந்தது. ஆவியில் காட்டினேன், அசையவில்லை. அழுகை வந்தது. பதற்றத்தில் பித்தளைச் சொம்பில் தணலைப் போட்டு முதுகுப் பக்கம் வைத்துத் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால், சொம்பின் அடி அப்படியே வட்டமாகப் பளபளவென்று பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் வெல்வெட் இல்லை. அரிதாரம் பூசின மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும் இருந்தது.

மாமி வந்தாள்

நவராத்திரி மூன்றாம் நாள் செங்கமலம் மாமி வந்தாள். நான் என் பழைய சீட்டி ரவிக்கையோடு நின்றேன்.

மாமி போட்டுக்கொண்டிருந்தது கரும்பச்சை வெல்வெட்.

சந்தனப் பேலாவை நீட்டினேன். "மாமி, வெல்வெட்டுக்கு மடி எப்படி? நனைக்கணுமோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நன்னாருக்கே! வெல்வெட்டை எவளாவது நனைப்பாளோ? சௌரங்கிப் பக்கத்துல ஒரு சாயபு தச்சுக் குடுத்தான். அப்படியே எடுத்துப் போட்டுண்டு வந்துட்டேன். எல்லாம் பட்டு மாதிரிதான்டி" என்றாள் மாமி. சுண்டலில் உப்புக் குறைச்சல் என்றும் சொன்னாள். என் ரவிக்கை பக்கம் அவள் கண் போகவே இல்லை.

வாசகர்கள் மாமி மேல் கோபப்படக் கூடும். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. ஆனால் மாமி ஒரு கேலிதான் பேசினாள். வாளியில் தண்ணீர் நிரப்பியது நான்.

புகை

அந்தப் பூஜைக் காலத்தில் கல்கத்தா முழுக்கச் சுதேசி ஆவேசம். கல்லூரி வாலிபர்கள் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, சீமைத்துணி இருந்தால் போடுங்கள் என்று மூட்டை கட்டிப் போவார்கள். தெருமுனை மைதானத்தில் குவித்துக் கொளுத்துவார்கள். பஞ்சமியன்று எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு கைக்குட்டை கூடப் போடவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிரு தீதி படியேறி வந்தாள். ஊரெல்லாம் துணி எரிந்த புகை. "குஞ்சு, நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். மொக்மலைக் கொடு" என்றாள்.

நிஜத்தைச் சொல்ல வேண்டியதுதானே? எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாழாக்கிவிட்டேன் என்று சொன்னால், எப்படி என்பாள். நனைத்தேன் என்றால், ஏன் என்பாள். அந்த ஏனுக்கு என்னிடம் இருந்த ஒரே பதிலை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

"தீதி, என்னை மன்னிச்சுடுங்கோ. அவா பாடிண்டு வாசல்ல வந்து நின்னா. எனக்கு என்னமோ ஆயிடுத்து. சீமைத்துணின்னு வீட்டுல வேற ஒண்ணும் இல்லே. உங்களைக் கேக்காம அதைப் போட்டுட்டேன்."

தமிழிலும் வங்காளியிலும் கலந்து உளறினேன். புகை அதற்கு ஒத்து ஊதியது.

அவள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் பார்த்தாள். உதடு ஒரு தடவை கோணிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் தலைமேல் கையை வைத்து, "பாலோ கொரேச்சோ" என்றாள். நல்லது செய்தாய் என்று அர்த்தம். "எனக்கே அந்தத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு வந்தது" என்றாள்.

ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை.

மாத்ராஜி பௌவின் கீர்த்தி

விஜயதசமி கழிந்து நிரு தீதி திரும்பினாள். முகம் பூரித்திருந்தது. கைத்தறிப் புடவையும் சாதாரண ரவிக்கையுமாக அவள் போய் இறங்கியதும் மூத்த ஓர்ப்படி இளக்காரமாக, "உன் மொக்மல் எங்கே?" என்று கேட்டாளாம். "ஆகுனே கேச்சே" என்றாளாம் இவள். நெருப்பில் போய்விட்டது! அந்த வீட்டு வாலிபர்கள் காலில் விழுந்தார்களாம். மாமியார், அஷ்டமி ஆரத்தியின்போது விளக்குத் தட்டை ஏந்தும் உரிமையை முதன்முறையாக இவள் கையில் கொடுத்தாராம்.

"எல்லாம் உன்னால்தான்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

தெருவில் என்னைப் பார்த்துக் கைகூப்ப ஆரம்பித்தார்கள். பால்காரன்கூட ஒரு தினுசாகச் சிரித்தான். எங்காத்துக்காரர் ஆபீஸிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"என்னடி இது? சர்க்கார் உத்தியோகம். என் ஆம்படையா சுதேசிக்காரின்னு துரை காதுல விழுந்தா என் கதி என்ன ஆறது?"

அவரிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். வாளி, சொம்பு எல்லாவற்றையும். வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவகிட்ட நிஜத்தைச் சொல்லிடேன்."

"ஏன் நனைச்சேன்னு கேட்டா?"

மறுபடியும் மோட்டுவளையைப் பார்த்தார். "சரி, சொல்லாதே" என்றார்.

ரவிக்கையை என்ன செய்வது? குப்பையில் போட்டால் வேலைக்காரி எடுத்துக்கொண்டு நேரே கீழ்வீட்டில் போய்க் காட்டுவாள். எரிக்கவும் கை வரவில்லை. கொலுவைக் கலைத்துப் பெட்டியில் வைக்கும்போது, செட்டிச்சிப் பொம்மையை அதில் சுற்றி அடியில் வைத்தேன். பொம்மையைச் சுற்றப் பழந்துணி எல்லார் வீட்டிலும் தேவைதானே.

பெட்டி திறந்த நாள்

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு என் பெண் ஆறு மாதக் குழந்தை. மகாளய அமாவாசையன்று மத்தியானம் பெட்டியைத் திறந்து, யாருக்கும் முன்னால் செட்டிச்சியை எடுத்துவிட வேண்டும் என்று மனசில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். குழந்தை விடவில்லை. மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிரு தீதி வந்தாள்.

"நீ உட்கார். நான் எடுத்து வைக்கிறேன்."

"வேண்டாம் தீதி, அப்புறம் பாத்துக்கலாம்."

"போன வருஷமும் நான்தானே அடுக்கினேன்?" என்று பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராமர், லட்சுமணர், தசாவதாரம் என்று ஒவ்வொன்றாகத் துணி பிரித்து வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியின் அடியில் கையை விட்டாள். மாதுளை நிறம் வெளியே வந்தது.

பொம்மையை எடுத்துத் தனியே வைத்துவிட்டுத் துணியை மடியில் விரித்தாள். கறுத்த ஜரிகைக் கொடியை விரலால் தொட்டாள். திருப்பிச் சிவந்த அஸ்தரைப் பார்த்தாள். முதுகிலிருந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தண்ணீரில் போட்டாயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன்?"

குழந்தையின் தலைமயிரைக் கோதினேன். ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி. அவளே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மீனுக்காகவா, குஞ்சு?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. செட்டிச்சியை எடுத்து, பழையபடி வெல்வெட்டில் சுற்றிப் பெட்டியின் அடியிலேயே வைத்தாள். இன்றைக்கும் எங்கள் செட்டிச்சி அதற்குள்தான் இருக்கிறாள்.

"பாக்பஜாரில் இந்த வருஷமும் விளக்குத் தட்டு எனக்குத்தான் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்" என்றாள் மெதுவாக. "இது இங்கேயே இருக்கட்டும். யாரிடமும் சொல்லாதே. நானும் சொல்லவில்லை."

பொய்யே சொல்லத் தெரியாதவள். அவளையும் என் பொய்க்குள் இழுத்துவிட்டிருந்தேன்.

இன்னும் எட்டோ ஒன்பதோ பொம்மைகள் பாக்கி. அடுத்ததை எடுக்கக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அது கிருஷ்ண விக்கிரகம்.

"இரு, கை கழுவிக்கொண்டு வருகிறேன்" என்றாள்.

குரலில் கோபம் துளிக்கூட இல்லை. வேண்டாம் தீதி என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் எழுந்தாள், வாசற்படியைத் தாண்டினாள், படி முழுக்க இறங்கினாள். கீழே முற்றத்துக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

ஈரக் கைகளோடு மேலே வந்தாள். புடவையில் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் உலர விட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்போது தொடலாமா?" என்றாள்.

நான் தொடலாம் என்று தலையை ஆட்டினேன்.